உச்சிக்குப் பின் பறவைகள் தின்றது

கடல் இன்றைக்கு இருக்கும் இடத்தைவிட ஒரு காதம் தள்ளி இருந்த காலத்தில், நெடுங்கரை என்ற பட்டணத்தை ஓர் அரசன் ஆண்டான். அவன் நல்லவன் என்று கல்வெட்டு சொல்கிறது. கல்வெட்டைச் செதுக்கச் சொன்னவனும் அவனே. அவனை விடுங்கள், இந்தக் கதை அவனுடையது அல்ல. அவனிடம் வேலை பார்த்த தித்தன் என்பவனுடையது.

தித்தனுக்கு வேலை பறவைகளைப் பார்ப்பது. சிரிக்காதீர்கள். அந்த ஊரில் அது அமைச்சருக்கு அடுத்த பதவி. புள்நோக்கி என்று பெயர்.

ஆண்டுதோறும் பங்குனி பிறந்ததும் கடற்பக்கமிருந்து பறவைகள் கூட்டம் கூட்டமாக வரும். பச்சை உடம்பு, சாம்பல் தலை, புறாவைவிடக் கொஞ்சம் பெரிது. அவை காட்டுக்குப் போவதில்லை, வயலுக்குப் போவதில்லை, நேரே ஊருக்குள் வந்து இறங்கும். கோயில் அத்தியிலும் கடைத்தெரு இச்சியிலும் அரண்மனை ஆலிலும் உட்கார்ந்து இருபது நாள் தின்னும். பிறகு ஒரு காலையில் வடக்கே கிளம்பிப் போய்விடும். ஊரார் அவற்றை விருந்து என்றே அழைத்தார்கள். "விருந்து வந்தாச்சா?" என்று ஒருவர் கேட்டால், மற்றவர் அடுப்படியைப் பார்க்க மாட்டார், மரத்தைப் பார்ப்பார்.

விருந்துக்கென்று பழைய ஏடு ஒன்றில் மூன்று விதிகள் இருந்தன.

ஒன்று, விருந்தின்மேல் கல்லெறியக் கூடாது.

இரண்டு, ஊருக்குப் புதிதான எந்தக் கனியையும் விருந்து மூன்று நாள் தொடர்ந்து தின்ற பிறகே மனிதர் தின்னலாம்.

மூன்று, விருந்து தின்பதைப் புள்நோக்கி சூரியன் எழுந்தது முதல் உச்சிமுரசு கொட்டும் வரை பார்க்க வேண்டும். அதற்குப் பின் பார்க்கக் கூடாது.

ஏன் உச்சி வரை மட்டும்? விதியை எழுதிய பழைய அரசன் சாப்பிட்டதும் தூங்குகிறவன் என்று குளத்தங்கரையில் ஒரு பேச்சு உண்டு. ஏட்டில் அப்படி இல்லை. சாப்பிட்டு எழுந்த விருந்தாளி அடுத்து எங்கே போகிறான், என்ன செய்கிறான் என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது பண்புள்ள வீட்டார் செய்யும் காரியம் அல்ல என்று இருந்தது. அந்த ஒரு வரிக்குத் தித்தன் நாற்பது ஓலையில் உரை எழுதியிருந்தான். அவனுடைய பெருமை முழுவதும் அந்த நாற்பது ஓலைதான்.

ஏட்டின் கடைசியில் சிறிய எழுத்தில் இன்னும் இரண்டு வரிகள் உண்டு. புதுக்கனியின் முதல் கவளம் புள்நோக்கியின் வீட்டார் வாயில்தான் விழ வேண்டும். புள்நோக்கியின் சொல் பொய்த்தால் அவன் கண்கள் அரசனுக்கு உரியவை. ஆறு தலைமுறையாக எவருடைய கண்ணும் போகவில்லை. அத்தியும் இச்சியும் யாரைக் கொல்லும்?

பிறகு மழை பொய்த்தது. ஓராண்டு பொய்த்தது, ஊர் விதைநெல்லைத் தின்றது. ஈராண்டு பொய்த்தது, ஊர் உழவுமாட்டைத் தின்றது. மூவாண்டு பொய்த்தது, ஊருக்குத் தின்ன எதுவும் இல்லை.

அப்போதுதான் தீவுமரங்கள் காய்த்தன.

முன்னொரு காலத்தில் கப்பல் வணிகன் ஒருவன் எங்கோ ஒரு தீவிலிருந்து கன்றுகளாகக் கொண்டுவந்து, கடைத்தெருவின் இரு பக்கமும் நிழலுக்காக நட்ட மரங்கள் அவை. பூக்கும், உதிர்ந்துவிடும். ஒருநாளும் காய்த்ததில்லை. மற்ற மரமெல்லாம் பட்டுப்போன அந்த வறட்சியில் அவை மட்டும் கிளை ஒடியக் காய்த்துப் பழுத்தன. கைப்பிடி அளவு பழம், செக்கச்செவேல் என்று, வெல்லம் காய்ச்சும் வாசனையோடு. ஒரு கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு போய் விழுந்த பழங்களைத் தின்றது. அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. மூன்றாம் நாள் செத்தது. பஞ்சத்தில் கன்று சாவது ஒரு செய்தியா என்று விட்டுவிட்டார்கள்.

ஆனாலும் ஒருவரும் பழத்தைத் தொடவில்லை. விருந்து வர வேண்டும், தின்ன வேண்டும், தித்தன் பார்க்க வேண்டும். பழத்தின் அடியிலேயே பசியால் பிள்ளைகள் விழுந்தார்கள், ஊர் பங்குனிக்காகக் காத்திருந்தது.

பங்குனி பிறந்தது. விருந்து வந்து நேரே தீவுமரங்களில் இறங்கியது.

கடைத்தெரு முனையில் தித்தனுக்கு ஒரு பந்தல் போட்டார்கள். பசித்தவன் கண் பழத்தைத்தான் பார்க்கும், பறவையைப் பார்க்காது என்று அரண்மனையிலிருந்து அவனுக்கு மட்டும் ஒரு கலயம் கஞ்சி வந்தது. அவன் எழுத்தாணியும் ஓலையுமாக உட்கார்ந்தான். அவனைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். தன் நேரத்துக்குள் அவனைப்போலப் பார்க்க அந்தக் காலத்தில் ஆள் கிடையாது.

முதல் நாள் பார்த்தான். பறவைகள் சதையைத் தின்றன, கொட்டையைத் துப்பின. எழுதிக்கொண்டான்.

இரண்டாம் நாள் பார்த்தான். பழத்தைக் காலால் பிடித்து, தோலை நீளநீளமாக உரித்துப் போட்டுவிட்டே தின்றன. எழுதிக்கொண்டான்.

மூன்றாம் நாள் பார்த்தான். காம்புப் பக்கம் கொஞ்சம் பச்சை இருந்தால்கூட அலகால் அமுக்கிப் பார்த்துவிட்டு விலகின. முழுச் சிவப்பை மட்டுமே தின்றன. அதையும் எழுதிக்கொண்டான்.

மூன்று நாளும் உச்சிமுரசு கொட்டும் வேளைக்குக் கூட்டம் மொத்தமாக எழும்பிக் கிழக்கே போயிற்று. மூன்று நாளும் தித்தன் பண்போடு தலையை மேற்கே திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் நாள் உச்சிக்குப் பின் அவன் வீட்டு வாசலுக்குத் துணி வெளுக்கும் கொற்றி வந்தாள். தலையில் மூட்டை இல்லை. பஞ்சத்தில் யார் துணி வெளுக்கிறார்கள்? வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"சாமி, உங்க விருந்துக்கு எங்க உவர்மண் குழியில என்ன வேல?"

உவர்மண் என்பது துணி வெளுக்க எடுக்கும் உப்பு மண். ஊருக்குக் கிழக்கே ஓடையோரம் அந்தக் குழி இருந்தது.

"என்ன வேலை?" என்றான் தித்தன்.

"மண்ணு தின்னுதுங்க. மூணு நாளா, உச்சி சாஞ்சதும் வந்து."

"பறவைக்குப் பல் இல்லை, கொற்றி. வயிற்றுக்குள் அரைக்க மணலும் கல்லும் வேண்டும். எல்லாப் பறவையும் தின்னும். ஏட்டில் இருக்கிறது."

"கோழி கொத்துறத நானும் பாத்திருக்கேன். அது ஒண்ணு ரெண்டு பொறுக்கும். இதுங்க பந்தியில எல போட்ட மாதிரி உக்காந்து தின்னுதுங்க. நேத்து எடம் கெடைக்காத இளசு ரெண்டு குழியோரம் செத்துக் கெடந்துச்சு. பழத்துக்கும் மண்ணுக்கும் என்னமோ இருக்கு, சாமி. நான் படிச்சவ இல்ல. நீங்க வந்து ஒரு பார்வ பாத்துட்டுப் போங்க."

உள்ளேயிருந்து தித்தனின் மனைவி நாகை எட்டிப் பார்த்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் வாய் மட்டும் இளைக்காதவள்.

"போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன். ஒரு நாள் பொறுத்துச் சொன்னா என்ன?"

"உச்சிக்குப் பிறகு பார்ப்பதில்லை, நாகை."

"ஏன், உச்சிக்குப் பிறகு கண்ணு அவிஞ்சு போயிருமா?"

"நேற்று மட்டும் இந்தத் தெருவில் நாலு பிள்ளைகள் செத்தார்கள். நான் ஒரு நாள் தள்ளிப் போட்டால் இன்னும் நாலு. அதை யார் ஏற்றுக்கொள்வது?"

அது உண்மையான காரணம். ஆனால் அவன் போகாததற்கு அது காரணம் அல்ல. போனால் நாற்பது ஓலை உரை என்னாவது? ஏட்டுக்கு மேலே ஒன்றை ஏடு படிக்காதவள் வந்து சொல்ல, ஏட்டுக்கு உரை எழுதியவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் மண்குழிக்குப் போவதா? இதை அவன் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. "சரி, போய் வா," என்று மட்டும் கொற்றியிடம் சொன்னான்.

அன்று மாலை அவை கூடியது. வெளியே ஊர் முழுவதும் பானையோடு நின்றது.

"தின்றனவா?" என்று அரசன் கேட்டான்.

"மூன்று நாளும் தின்றன, மன்னா."

"எப்படி?"

"கொட்டையைத் துப்பி, தோலை உரித்து, முழுச் சிவப்பை மட்டும்."

"வேறு ஏதும் உண்டா?"

தித்தன் ஓலையைக் கட்டினான். பிறகு சொன்னான்: "பார்க்க வேண்டிய வேளையில் பார்த்தது இவ்வளவே."

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேண்டுமானால் நீங்களே மறுபடி சொல்லிப் பாருங்கள்.

முதல் கவளம் அவன் வீட்டில். நாகை தோலை உரித்து, கொட்டையை நீக்கி, சதையைக் கூழாகக் காய்ச்சினாள். தித்தனுக்கு அரண்மனைக் கஞ்சி வயிற்றில் இருந்தது, சடங்குக்கு மூன்று வாய் தின்றான். நாகை சட்டியை வழித்தாள்.

"மெதுவாக," என்றான்.

"செத்தாலும் வயிறு நெறஞ்சு சாவேன், விடுங்க," என்று சிரித்தாள். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் உப்பு இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

இரவு போயிற்று. விடியும்போது நாகை நன்றாக இருந்தாள். ஊர் தின்றது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்று எல்லாக் கூரையிலும் புகை எழுந்தது. தித்தன் தெருவில் நடந்தபோது பெண்கள் கும்பிட்டார்கள். ஒருத்தி தன் பிள்ளைக்கு அவன் பெயரை வைக்கப்போவதாகச் சொன்னாள். மறுநாளும் தின்றார்கள். மறுநாளும் கும்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் நாகைக்கு விரல்கள் மரத்தன. பிறகு கால். பிறகு நாக்கு. அவனைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். முகத்தைப் பார்த்தால் கேலியாகத்தான் சொல்ல வந்தாள் என்று தெரிந்தது. நாக்கு புரளவில்லை. வெயில் திண்ணை ஏறும் முன் இறந்துபோனாள். தித்தனுக்கு விரல் நுனி மட்டும் மரத்திருந்தது. மூன்று வாய்க்கு அவ்வளவுதான்.

தெருவுக்கு வந்தான். வீட்டுக்கு வீடு அழுகை. முதல் நாளே கூழைத் தின்றவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், பின்னால் தின்றவர்கள் விரலை உதறிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்கப்போவதாகச் சொன்னவள் வாசலில் கிடந்தாள். பிள்ளை அவள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

வண்ணார் தெருவில் மட்டும் இரண்டே சாவு. ஊர் அதைக் கவனித்தது. ஊருக்கு எப்போதுமே இப்படிப்பட்ட கணக்கு சட்டென்று வரும். கொற்றியின் கையைக் கட்டி அவைக்கு இழுத்து வந்தார்கள். இவள்தான் ஓடையில் ஏதோ கலந்தாள், இல்லாவிட்டால் இவள் தெரு எப்படிப் பிழைக்கும் என்றார்கள்.

மூத்த அமைச்சர் தித்தனைத் தூணுக்குப் பின்னால் அழைத்தார். மெலிந்த குரல், எப்போதும் அன்பாகவே பேசுகிறவர்.

"தித்தா, மனைவியைப் பறிகொடுத்திருக்கிறாய். கண்ணும் போக வேண்டுமா? பழத்தில் குற்றம் இல்லை என்று சொல். ஓடையில்தான் குற்றம். மன்னரும் அதையே கேட்க விரும்புகிறார். பழத்தைத் தின்னச் சொன்னது அவர் ஆணை அல்லவா?"

"கொற்றி?"

"வண்ணாத்தி ஒருத்தி. ஒருத்தியோடு முடியும்."

ஒருத்தியோடு முடியாது என்று தித்தனுக்குத் தெரியும். வெளியே நின்றவர்கள் கையில் இருந்தது பானை அல்ல, தீப்பந்தம்.

அரசன் கேட்டான்: "புள்நோக்கி, உன் சொல் பொய்த்ததா?"

தித்தன் கொற்றியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் சொல் பொய்க்கவில்லை, மன்னா. குறைந்தது. உச்சிக்குப் பின் விருந்து மண் தின்கிறது. அதை எனக்கு முன்கூட்டியே ஒருவர் வந்து சொன்னார். இவள்தான் சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை. நீங்கள் வேறு ஏதும் உண்டா என்று கேட்டபோதும் சொல்லவில்லை."

அரசனின் முகம் கறுத்தது.

"கட்டை அவிழுங்கள்," என்றான். கொற்றியிடம் கேட்டான்: "உன் தெரு மண் தின்றதா?"

"பறவ பண்ணினதப் பண்ணினோம், அவ்வளவுதான்," என்றாள் அவள், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே. "ஆனா அதுலயும் ரெண்டு பேரு செத்தாங்க. மண்ணு தின்னுதான் செத்தாங்க. மேல வெள்ளையா இருக்கு, கீழ கறுப்பா இருக்கு. எதுல பொழச்சோம், எதுல செத்தோம்னு எனக்குத் தெரியல. நான் தூரத்துல இருந்து பாத்தவதானே. எனக்குத் துவைக்கிற வேல இருந்துச்சு, உக்காந்து பாக்குறது இவரு வேல."

ஊரில் பாதிப்பேர் இன்னும் சாகாமல் கிடந்தார்கள். தித்தன் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தான்: கண்களை எடுக்கும் முன் ஒருமுறை அந்தக் குழியைப் போய்ப் பார்க்க வேண்டும்.

அரசன் யோசித்துச் சொன்னான்: "அந்தி வரை உன் கண்கள் உன்னிடம் இருக்கட்டும். வீட்டுக்குப் போய் மனைவியின் முகத்தைப் பார். அல்லது குழிக்குப் போ. அந்தியில் வாள்வீரன் உன்னைத் தேடி வருவான். இரண்டுக்கும் நேரம் இராது."

தித்தன் வீடு அவைக்கு மேற்கே இருந்தது. குழி கிழக்கே. வாசலில் வந்து மேற்கே ஒருமுறை பார்த்தான். பிறகு கிழக்கே நடந்தான்.

குழிக்கரையில் கொற்றி காட்டிய புதருக்குப் பின்னால் குப்புறப் படுத்தான். உச்சிமுரசு கேட்டது. வாழ்நாளில் முதல்முறையாக அந்த முரசுக்கு அவன் தலையைத் திருப்பவில்லை. சிறிது நேரத்தில் வானம் பச்சையாயிற்று. விருந்து வந்து இறங்கியது.

பார்த்தான். பெரிய பறவைகள் நடுவில் இறங்கின. மேலே பூத்திருந்த வெள்ளை உப்பைக் காலால் சீய்த்துத் தள்ளின. அடியில் ஈரமாக இருந்த கறுப்பு மண்ணை மட்டும் தின்றன.

பார்த்தான். மூன்று கவளம் தின்றதும் ஓடைக்குப் போய் நீர் குடித்தன. திரும்பி வந்து இன்னும் மூன்று கவளம். மறுபடி நீர். இப்படி மூன்று முறை.

பார்த்தான். நடுவில் இடம் கிடைக்காத இளம்பறவைகள் ஓரத்து வெள்ளையைக் கொத்தின. சிறகு தொங்கி முதலில் சாய்ந்தவை அவைதாம்.

"வெள்ளை கொல்கிறது," என்றான். "கறுப்பு. ஈரமாக. ஒவ்வொரு மூன்று வாய்க்கும் நீர். மூன்று தடவை. ஓடிப்போய்ச் சொல்."

"ஓலையில எழுதலியா?"

"ஓடு, கொற்றி."

அவள் ஓடினாள். சற்று நேரத்தில் முரசு அறைந்து தெருத்தெருவாகச் சொன்னார்கள். தீப்பந்தம் பிடித்தவர்கள் பானையை எடுத்துக்கொண்டு குழிக்கு வந்தார்கள். கறுப்பு மண்ணைக் கரைத்துக் கரைத்து ஊற்றினார்கள். விழுங்க முடிந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். நாக்கு மரத்துப்போனவர்களுக்குக் கடைவாயில் ஊற்றினார்கள், அது வழிந்து கழுத்தில் இறங்கியது. வாசலில் கிடந்த பெண் பிழைக்கவில்லை. பிள்ளை பிழைத்தது.

தித்தன் குழிக்கரையிலேயே உட்கார்ந்திருந்தான். கடைசிப் பறவை எழும்பிப் போகும்வரை பார்த்தான். அந்தியில் வாள்வீரன் வந்தான். அரசன் சொன்ன சொல் தவறாதவன்.

கண்ணில் துணி கட்டியிருந்த அவனை வீட்டுக்குக் கூட்டிப் போனவள் கொற்றி. நாகைக்குப் போர்த்த வெளுத்த துணியும் கொண்டுவந்திருந்தாள். ஊரில் அன்று வெள்ளைத் துணிக்குத் தட்டுப்பாடு, அது அவள் சொந்தப் புடவை. தித்தன் தரையில் தடவி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான். கையால் நெற்றியைத் தொட்டான். அதற்குமேல் கை போகவில்லை.

"முகம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டான்.

கொற்றி கேட்டாள்: "ஆறுதலாச் சொல்லவா, பாத்தபடி சொல்லவா?"

"பார்த்தபடி."

"வாய் எடது பக்கம் கோணியிருக்கு. ஒதடு நீலம். ஒரு கண்ணு மூடல. கன்னத்துல கூழு காஞ்சு ஒட்டியிருக்கு. பல்லக் கடிச்சு வச்சிருக்காங்க, வலி இருந்திருக்கும்."

அவள் இன்னும் சொன்னாள். அவன் நடுவில் நிறுத்தவில்லை. முழுவதும் கேட்டான். பிறகு அந்தக் கண்ணை விரலால் தேடி மூடினான்.

இதைக் கேட்டவர்களே, தெரிந்ததில் பாதியை மட்டும் சொல்லும் உண்மை, பொய்யைவிட அதிகம் பேரைக் கொல்லும்.